தொங்கும் சக்கரத்தில் முறுக்கிய போல்ட்

2018 பிப்ரவரியில் 'டொக்' என்று ஓசை வந்ததால், எங்கள் ஸ்விஃப்ட் வண்டியின் இடது பக்க லோயர் ஆர்மை, அதாவது முன் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் இரும்புக் கையை, ஒரு பணிமனையில் கொடுத்துப் புதிதாக மாற்றியிருந்தேன். பெட்டி பிரிக்காத புதிய ஆர்மை என் கண் முன்னால்தான் மாட்டினார்கள். அதற்குப் பதினோரு மாதம் கழித்து, 2019 ஜனவரி முதல் வாரத்தில், எங்கள் தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அதே இடது பக்கத்திலிருந்து அதே 'டொக்' என்ற ஓசை மீண்டும் கேட்டது. ஓட்டியது பத்தாயிரம் கிலோமீட்டர் மட்டுமே. ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் வரை தாங்கிய பழைய ஆர்மின் இடத்துக்கு வந்த புதிய ஆர்ம் பத்தாயிரத்திலேயே ஓய்ந்துவிட்டது என்பதை என்னால் அவ்வளவு எளிதில் விட்டுவிட முடியவில்லை. அதன் காரணத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசைதான், அந்தப் பொங்கல் விடுமுறையில் இரண்டு பக்க ஆர்ம்களையும் வீட்டு வாசலிலேயே நானே மாற்றும் முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது.

வண்டியை 2010-இல் வாங்கினோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் இரண்டு நாள் பாதிச் சக்கர உயரத்துக்குத் தண்ணீரில் நின்றது. எஞ்சினுக்குள் தண்ணீர் போகாததால் தப்பித்தோம் என்று அப்போது நினைத்தோம். அடிப்பக்கத்து இரும்புக்கும் ரப்பருக்கும் அந்தத் தண்ணீர் என்ன செய்திருந்தது என்பது இந்த வேலையைச் செய்தபோதுதான் தெரிந்தது.

லோயர் ஆர்ம் என்ன செய்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பழைய பிரீமியர் பத்மினி போன்ற வண்டிகளில் முன் சக்கரத்தை மேலே ஓர் ஆர்மும் கீழே ஓர் ஆர்மும் சேர்ந்து பிடித்திருந்தன. ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் ஸ்ட்ரட் எனப்படும் ஒரே தூணாக்கி, அந்தத் தூணையே சக்கரத்தின் மேல் பக்கப் பிடிமானமாகவும் வைத்துவிட்டால் மேல் ஆர்ம் தேவையில்லை என்று கண்டார். 1950-இல் இங்கிலாந்தில் வந்த ஃபோர்ட் கான்சல் அந்த அமைப்புடன் வெளியானது. நம் ஊருக்கு 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-லும் அதுதான். இன்று தெருவில் ஓடும் சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவற்றிலும் அதுதான். மேல் ஆர்ம் போன பிறகு, சக்கரம் பக்கவாட்டில் விலகாமலும், பிரேக் பிடிக்கும்போது பின்னுக்குத் தள்ளப்படாமலும் காக்கும் பொறுப்பில் பெரும்பங்கு அந்த ஒற்றைக் கீழ் ஆர்மின் மேல் விழுந்துவிட்டது. தகட்டில் அழுத்திச் செய்த, ஏறத்தாழ 'ட' வடிவத்தில் இருக்கும் இரும்புக் கை அது. உள்பக்கம் இரண்டு இடங்களில் புஷ் எனப்படும் ரப்பர் உருளை வழியாக, வண்டியின் அடிச்சட்டத்தில் குறுக்கே போகும் கிராஸ் மெம்பருடன் சேர்கிறது. வெளிப்பக்கம் பால் ஜாயின்ட் என்ற உருண்டை மூட்டு வழியாகச் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுடன் சேர்கிறது. அந்த இரண்டு புஷ்களும் ஒரு பால் ஜாயின்டும்தான் தேய்கின்றன. இரும்புக் கை வளைவது பெரிய பள்ளத்தில் விழுந்தாலோ நடைபாதைக் கல்லில் மோதினாலோதான்.

ஓசை கேட்டதும் ஆர்மின் மேல் பழி போட்டுவிடக் கூடாது. வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராட் தேய்ந்தாலும் கிட்டத்தட்ட இதே ஓசைதான் வரும். ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட் போனாலும் வரும். எனக்கு உறுதி தந்தவை வேறு இரண்டு அறிகுறிகள். பின்னால் எடுத்து நிறுத்தி, மீண்டும் முன்னால் நகர்ந்து பிரேக் தொடும்போதெல்லாம் ஒரு முறை மட்டும் 'டக்' என்றது. சமதளச் சாலையில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் மெல்ல இடப்பக்கம் இழுத்தது. சக்கரம் முன்னும் பின்னும் நகர்கிறது என்பதற்கு இவை நேரடியான சாட்சிகள். டார்ச் விளக்குடன் படுத்துப் பார்த்தபோது இடது ஆர்மின் முன் புஷ்ஷில், ரப்பர் உள்குழாயை விட்டுப் பிறைநிலா வடிவில் விலகி, அந்தப் பிளவுக்குள் விளக்கின் ஒளி புகுந்து மறுபக்கம் தெரிந்தது. வலது பக்கத்தில் இருந்தது வண்டியோடு வந்த பழைய ஆர்ம். அதன் புஷ்கள் வெடிப்புக் கோடுகளோடு இருந்தாலும் கிழியவில்லை. ஆனால் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது, பால் ஜாயின்டின் மேல் விரலை வைத்திருந்த அக்கா மகன், "மாமா, இங்க ஆடுது, கைக்குத் தெரியுது" என்றான். அதன் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் இருந்த இடத்தில் காய்ந்த சேறு இருந்தது.

போலிச் சரக்கை மாட்டிவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சென்னை ஜி.பி. ரோட்டில் ஓர் உதிரிபாகக் கடையில் கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டி அதையே சொன்னேன். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார்.

"சரக்குல தப்பு இல்ல தம்பி. முத்திரை இருக்குது பாருங்க, இது அசல்தான். மாட்டுனதுலதான் தப்பு. வண்டி மேல தொங்கும்போதே டைட் வெச்சிட்டாங்க."

"தொங்கும்போது வெச்சா என்ன ஐயா?"

"உள்ள இருக்கிறது பேரிங் இல்லயே, ரப்பராச்சே. சுத்தாது. முறுக்கிக்கிட்டேதான் இருக்கும். வண்டிய கீழ எறக்கி, எடை ஏறுனதுக்கு அப்புறம்தான் கடைசி டைட் வெக்கணும்."

அந்தக் கடையிலிருந்து இரண்டு ஆர்ம்களையும், புதிய போல்ட், நட்டுகளையும் வாங்கிக்கொண்டு பேருந்தில் வந்தபோது, மடியில் இருந்த ஆர்மின் புஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளியே ஓர் இரும்பு வளையம்; நடுவில் ஓர் இரும்புக் குழாய்; இரண்டுக்கும் இடையே ரப்பர். அந்த ரப்பர் இரண்டு இரும்புகளுடனும் சூட்டில் ஒட்டி வார்க்கப்பட்டது. எந்த இடத்திலும் வழுக்காது. போல்ட்டை இறுக்கும்போது கிராஸ் மெம்பரின் இரண்டு தகடுகளும் சேர்ந்து அந்த நடுக்குழாயை இடுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. அதன்பிறகு ஆர்ம் மேலும் கீழும் ஆடுவதெல்லாம் ரப்பர் முறுக்கிக் கொடுப்பதால் மட்டுமே. ஆகவே எந்த நிலையில் போல்ட்டை இறுக்குகிறோமோ அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை.

இதன் அளவை வேலை தொடங்கும் முன் நானே டேப் பிடித்துப் பார்த்தேன். வண்டி தரையில் நிற்கும்போது சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள ஃபெண்டர் விளிம்பு வரை 37 சென்டிமீட்டர். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் அதே அளவு 45. அதாவது சக்கரம் 8 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. உள்பக்கப் புஷ்ஷிலிருந்து பால் ஜாயின்ட் வரை ஆர்மின் நீளம் 33 சென்டிமீட்டர் அளவுக்கு இருந்தது. கணக்குப் போட்டால் ஆர்ம் ஏறத்தாழ 14 பாகை சாய்கிறது. தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கி வண்டியைக் கீழே இறக்கினால், வண்டி வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதே, இரவும் பகலும், ரப்பர் 14 பாகை முறுக்கிக்கொண்டு நிற்கும். வேகத்தடையில் சக்கரம் மேலும் 5 சென்டிமீட்டர் உயர்ந்தால் இன்னும் 9 பாகை சேர்ந்து 23 ஆகிவிடும். சரியான முறையில் இறுக்கியிருந்தால் அந்த வேகத்தடையில் ரப்பர் தாங்க வேண்டியது 9 பாகை மட்டுமே. பதினோரு மாதத்தில் கிழிந்ததற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

வேகத்தடை என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறைப்படி வளைவான வேகத்தடையின் அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் உடம்பை உலுக்காமல் ஏறி இறங்க வேண்டும் என்பதற்கான அளவு அது. எங்கள் தெருமுனையில் இருப்பது அதே உயரம், அகலம் ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். அத்தகைய தடையில் சக்கரம் ஏறுவதில்லை, மோதுகிறது. அந்த மோதலின் பின்னோக்கிய தள்ளலை வாங்குவது இந்தப் புஷ்கள்தான்.

போகிக்கு முந்தைய நாள் வேலையைத் தொடங்கினேன். வாசலில் சிமென்ட் தளம் சமமாக இருந்ததால்தான் இதற்கே துணிந்தேன். மண் தரையிலோ சரிவிலோ இதைச் செய்யக் கூடாது. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை அடைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் வைத்தேன். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கொண்டு, பிறகு முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் உட்கார வைத்தேன். கழற்றிய சக்கரங்களைப் படுக்கவைத்து வண்டியின் பக்கவாட்டு விளிம்புக்குக் கீழே தள்ளினேன். ஸ்டாண்டு சரிந்தாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் விழும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுப்பவர்களையும், ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் கல்லை வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் சொல்லிக்கொண்டு உடைவதில்லை. தயவுசெய்து இந்த ஒன்றில் யாரும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இடது பக்கம் ஒன்றரை மணி நேரத்தில் கழன்றுவிட்டது. முதலில் பால் ஜாயின்ட். நக்கிளின் கீழ் முனையில் பிளவுபட்ட ஒரு துளை இருக்கிறது. பால் ஜாயின்டின் தண்டு அதற்குள் கீழிருந்து நுழைந்து நிற்க, குறுக்கே ஒரு போல்ட் அந்தப் பிளவை இறுக்குகிறது. தண்டின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள்; குறுக்குப் போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் செல்கிறது. எனவே போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதும் உருவி எடுத்தால்தான் தண்டு இறங்கும். பாதி தளர்த்திவிட்டு மணிக்கணக்கில் சுத்தியலால் அடிப்பதால் எந்தப் பயனும் இல்லை. போல்ட்டை உருவிய பிறகு, பிளவுக்குள் ஓர் உளியை மெல்லத் தட்டி ஒரு மயிரிழை அகலப்படுத்தி, நீண்ட கடப்பாரையை ஆர்மின் மேல் வைத்து அழுத்தியதும் தண்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது. அந்த நொடியில் நக்கிள் வெளிப்பக்கம் விலகத் துடிக்கும். அதை விட்டுவிட்டால், எஞ்சின் பக்கமிருந்து சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் பிரிந்துகொள்ளக் கூடும், பிரேக் ஹோஸும் இழுபடும். அக்கா மகன் நக்கிளை இரண்டு கையாலும் பிடித்திருக்க, நான் ஒரு கயிற்றால் அதை ஸ்ட்ரட்டோடு சேர்த்துக் கட்டினேன்.

வலது பக்கம் மூன்று நாள் எடுத்தது. முன் புஷ்ஷின் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் கால் சுற்றுத் திரும்பும். கையை விட்டவுடன் அது தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிடும். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு டார்ச் அடித்துப் பார்த்தபோது, போல்ட்டோடு சேர்ந்து புஷ்ஷின் நடுக்குழாயும் திரும்புவது தெரிந்தது. வெள்ளத் தண்ணீர் குழாய்க்குள் புகுந்து, போல்ட்டும் குழாயும் துருவால் ஒரே இரும்பாகியிருந்தன. போல்ட்டைத் திருப்பும்போது ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. விட்டதும் ரப்பர்தான் அதைத் திருப்பி அனுப்புகிறது. அந்த முதியவர் சொன்னதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் எனக்குக் காட்டியிருக்க முடியாது. குழாயின் இரண்டு முனைகளிலும் துருவை இளக்கும் டபிள்யூடி-40 எண்ணெயை அடித்து இரவு முழுக்க விட்டேன்; மறுநாள் காலையும் மாலையும் அடித்தேன். ஸ்பேனரில் இரும்புக் குழாய் மாட்டி, ஒரேயடியாகக் கழற்றும் திசையில் இழுக்காமல், சிறிது இறுக்கி, சிறிது தளர்த்தி, மீண்டும் எண்ணெய் விட்டு, மீண்டும் இறுக்கி, பொங்கலன்று காலை பத்து மணி வரை அதையே செய்தேன். உள்ளே பொங்கல் பொங்கும் சத்தம் கேட்ட நேரத்தில்தான் போல்ட் 'கிரீச்' என்று ஒரு முறை கத்திவிட்டு விடுபட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் அதன் நடுப்பகுதி கரும்பழுப்பாகச் செதில் செதிலாக உரிந்திருந்தது. அந்தப் போல்ட்டை மீண்டும் போடும் எண்ணமே வரவில்லை.

இரண்டு பழைய ஆர்ம்களையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே நிறுவனத்தின் முத்திரை. ஒன்பது ஆண்டு ஓடி, வெள்ளத்தில் மூழ்கி, பால் ஜாயின்ட் போன வலது ஆர்மின் முன் புஷ்ஷில் நடுக்குழாய் இன்னும் மையத்திலேயே இருந்தது. பதினோரு மாதமே ஓடிய இடது ஆர்மில் ரப்பர் பாதிச் சுற்றளவுக்கு மேல் கிழிந்து, நடுக்குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. பணிமனையில் மாட்டியவர் அக்கறையில்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு தூண் லிஃப்டில் வண்டியை ஏற்றினால் நான்கு சக்கரமும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும், நிமிர்ந்து நின்று வசதியாக வேலை செய்யும் அந்த உயரத்திலேயே எல்லாவற்றையும் இறுக்கிவிடுவது இயல்பாகவே கைக்கு வரும். ஆனால் அந்த இரண்டு போல்ட்டுகளை மட்டும் விட்டுவைத்து, வண்டியை இறக்கிய பின் இறுக்குவதற்கு ஆகும் கூடுதல் நேரம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை வாடிக்கையாளர் கேட்டு வாங்க வேண்டும்.

புதிய ஆர்மை மாட்டுவது கழற்றுவதைவிட எளிது. நடுக்குழாய்க்குள் போகும் போல்ட்டின் வழவழப்பான பகுதியில் மட்டும் மெல்லிய கிரீஸ் பூசினேன், மரையில் பூசவில்லை. மரையில் எண்ணெய்ப் பசை இருந்தால், இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனரான டார்க் ரெஞ்ச் காட்டும் அளவைவிடப் போல்ட் அதிகமாக இழுபட்டுவிடும். புஷ் போல்ட்டுகளைக் கையால் திருகி, தகடு தொடும் அளவோடு நிறுத்தினேன். பால் ஜாயின்டின் தண்டை நக்கிளுக்குள் ஏற்றி, பள்ளமும் துளையும் நேராகும் வரை மேலே தள்ளி, குறுக்குப் போல்ட்டைப் போட்டு முழுமையாக இறுக்கினேன். பால் ஜாயின்ட் எல்லாப் பக்கமும் சுழலக் கூடியது என்பதால் அதற்குத் தொங்கும் நிலை, நிற்கும் நிலை என்ற வேறுபாடு கிடையாது.

இனி வண்டியைத் தரையில் இறக்கிவிட்டு அடியில் படுத்துப் புஷ் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். ஸ்விஃப்டின் அடியில் அதற்கு இடம் கிடையாது. ஜாக்கியை ஆர்மின் கீழ் வைத்து 37 சென்டிமீட்டர் வரும் வரை தூக்கலாம் என்றால், அந்த அளவு வரும் முன்பே வண்டி ஸ்டாண்டிலிருந்து எழும்பத் தொடங்கியது. அதை உடனே கைவிட்டேன். தச்சரிடம் 5 சென்டிமீட்டர் கனமுள்ள பலகைத் துண்டுகளை வாங்கி, நான்கு நான்காக அடுக்கி, நகராதபடி திருகாணி போட்டு இரண்டு மேடைகள் செய்திருந்தேன். முன் சக்கரங்களை மாட்டி, மேடைகளின் மேல் வண்டியை இறக்கினேன். அப்போதும் டேப் 39 காட்டியது. தூக்கி இறக்கும்போது இரண்டு சக்கரங்களும் சற்று வெளியே பரவ வேண்டும். டயரின் உராய்வு அதை விடுவதில்லை, அதனால் வண்டி முழுவதும் அமர்வதில்லை. மீண்டும் தூக்கி, டயருக்கும் பலகைக்கும் இடையே இரண்டு கனத்த பாலித்தீன் தாள்களை, நடுவே சிறிது கிரீஸ் தடவி வைத்து இறக்கினேன். பானெட்டை நாலைந்து முறை அழுத்தி விட்டதும், டேப்பைப் பிடித்திருந்தவன், "மாமா, முப்பத்தேழு! ரெண்டு பக்கமும்" என்றான். ஸ்டாண்டுகளை அகற்றாமல் வண்டியின் விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிற்கும்படி காவலுக்கு வைத்துவிட்டு, அடியில் படுத்து, சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சை வைத்து இரண்டு பக்கமும் இறுக்கினேன். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: 100 நியூட்டன் மீட்டர் என்பது அரை மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் சுமார் 20 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். ஆனாலும் வாடகைக்காவது ஒன்றை வாங்கிக்கொள்வதே நல்லது. ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பக்கத்துத் தகடு வரை வெள்ளை பெயின்ட்டால் ஒரு நேர்கோடு இழுத்தேன்; போல்ட் தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வீல் அலைன்மென்ட் செய்தேன். ஆர்ம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும் என்பதால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. அந்தப் பதினோரு மாதத்தில் முன் டயர்களில் ஒன்று உள்விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்ததற்குக் காரணமும் அன்றுதான் தெளிவானது. 500 கிலோமீட்டர் ஓடிய பின் ஒரு முறை எல்லாப் போல்ட்டுகளையும் சரிபார்த்தேன். எதுவும் அசைந்திருக்கவில்லை.

2019 டிசம்பரில், மீண்டும் பதினோரு மாதம் நிறைந்தபோது, அதே டார்ச் விளக்கோடு அதே இடத்தில் படுத்துப் பார்த்தேன். வெள்ளைக் கோடுகளின் மேல் தூசி படிந்திருந்தது, ஆனால் உடையாமல் நேராக இருந்தன. இடது புஷ்ஷின் நடுக்குழாய் மையத்தில் இருந்தது; அதைச் சுற்றி ரப்பர் முழு வட்டமாக இருந்தது; விளக்கின் ஒளி எந்த இடத்திலும் மறுபக்கம் போகவில்லை.